தலைக்கவசத்துக்குள் ஒரு கச்சேரி

சங்கீதத்தைக் கேட்டுக்கொண்டே வழி கடக்க வேண்டும் என்ற ஆசை மனிதனுக்கு இன்று நேற்று உண்டானதன்று. மாட்டு வண்டியில் இரவுப் பிரயாணம் செய்தவர்கள் வண்டிக்காரருடைய தெம்மாங்கைக் கேட்டுக்கொண்டு சென்றார்கள். காவடி எடுத்தவர்கள் சிந்து பாடிக்கொண்டே மலைவழி நடந்தார்கள். காரும் பஸ்ஸும் வந்தபோது வானொலியும் ஒலிநாடாவும் அவற்றில் ஏறிக்கொண்டன. மோட்டார் சைக்கிளில் செல்பவருக்கு மாத்திரம் அந்தப் பாக்கியம் நெடுநாள் வாய்க்கவில்லை. இப்போது அந்தக் குறையும் நீங்கியிருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 129-ஆம் பிரிவு யாருடைய தலையில் ஹெல்மெட்டை ஏற்றிவைத்ததோ, அவருடைய காதருகே, அந்த ஹெல்மெட்டுக்குள்ளேயே, சுமார் 40 மில்லிமீட்டர் அகலமுள்ள இரண்டு மெல்லிய ஸ்பீக்கர்களை வைத்து, புளூடூத் வழியாகக் கைபேசியிலிருந்து பாட்டை வரவழைக்கும் சாதனங்களைத் தென்கொரியாவின் சேனா, இஸ்ரேலின் கார்டோ, நம் பெங்களூரின் புளூஆர்மர் முதலிய நிறுவனங்கள் செய்து விற்கின்றன.

ஆயினும் அந்தக் கச்சேரி திருப்தியாக அமைவதில்லை என்பதே வாங்கிப் பொருத்தியவர்களில் பலருடைய குறை. வீட்டில் கேட்டபோது நன்றாக இருந்தது, ரோட்டில் ஏறியதும் ஒன்றும் விளங்கவில்லை என்கிறார்கள். ‘சத்தம் பத்தலை’ என்று தாங்களே தீர்ப்புச் சொல்லிக்கொண்டு முதலில் ஒலியளவை முழுவதும் ஏற்றுகிறார்கள். அதுவும் போதாமல் இன்னும் பெரிய ஸ்பீக்கரைத் தேடிப் போகிறார்கள். இவ்விரண்டாலும் காது கெடுகிறதே அல்லாமல் இசை சிறப்பதில்லை. இசையை உயர்த்துவதைவிட இரைச்சலைத் தாழ்த்துவதே இங்கே செய்யவேண்டிய காரியம். இந்த உண்மையைப் பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களின் ஊடே நானும் நண்பர் ஒருவரும் ஆளுக்கொரு மோட்டார் சைக்கிளில் சென்ற தை மாதத்துப் பிரயாணத்தில் ஊர் ஊராகக் கண்டுகொண்டேன்.

நண்பர் மின்னணுக் கருவிகளைப் பழுதுபார்ப்பதில் ஆயுளில் பெரும்பகுதியைக் கழித்தவர். நான் சங்கீதப் பித்துக்கொண்டவன். உடையார்பாளையத்தையும் கங்கைகொண்ட சோழபுரத்தையும் பார்ப்பதே எங்கள் உத்தேசம். உடையார்பாளையம் கனம் கிருஷ்ணையர் சமஸ்தான வித்துவானாக விளங்கிய ஊர். ஆகையால், அவர் இயற்றிய பைரவி ராகப் பதமாகிய ‘வேலவரே’யைப் பழைய தலைமுறைப் பாடகி ஒருவர் நிதானமாகப் பாடிய ஒலிப்பதிவைக் கைபேசியில் சேமித்துக்கொண்டு புறப்பட்டேன். அந்த ஊரை நோக்கிச் செல்லும்போது அந்தப் பாட்டைக் கேட்கவேண்டும் என்பது என் ஆசை.

சென்னையிலிருந்து திருச்சி செல்லும் நெடுஞ்சாலையில் திருமாந்துறைச் சுங்கச்சாவடியைத் தாண்டியதும் பெரம்பலூர்ச் சீமையின் கருமண் இருபுறமும் விரியத் தொடங்குகிறது. பருத்தியும் மக்காச்சோளமும் விளையும் அந்த வெட்டவெளியில் காற்றைத் தடுக்க மரச்செறிவு இல்லை. வேகமானி தொண்ணூறைத் தொட்டபோது என் காதில் பதம் தேய்ந்துபோயிற்று. மேல் ஸ்தாயியில் பிடில் இழையும் இடங்கள் மாத்திரம் அங்கங்கே கேட்டன. பாடகியின் குரல் மந்திரத்தில் இறங்கும் இடங்களெல்லாம் ஒரே உறுமலில் மூழ்கிவிட்டன. பைரவிக்கு அழகு தரும் இடங்கள் அவையல்லவா? ஹெல்மெட்டைச் சுற்றிச் சுழலும் காற்றின் இரைச்சலில் தாழ்ந்த அதிர்வெண்களே மிகுதி என்றும், தாழ்ந்த ஸ்தாயியிலுள்ள பலத்த ஒலி தன்னோடு ஒத்த ஒலிகளை மட்டுமின்றித் தனக்கு மேலே உள்ள மெல்லிய ஒலிகளையும் மறைத்துவிடும் என்றும் நண்பர் அந்தச் சாதனத்திலேயே உள்ள இன்டர்காமில் விளக்கினார். “ரஞ்சன்குடியில் நிறுத்துங்கள். முதலில் ஸ்பீக்கர் எங்கே உட்கார்ந்திருக்கிறது என்று பார்ப்போம்” என்றார்.

ரஞ்சன்குடிக் கோட்டை பெரம்பலூருக்கு வடக்கே, நெடுஞ்சாலையை அடுத்தே இருக்கிறது. ஆர்க்காட்டு நவாபின் கீழ் இருந்த ஜாகீர்தார் ஒருவர் பதினேழாம் நூற்றாண்டில் கட்டியதாகச் சொல்வார்கள். அகழியும், ஒன்றுக்கு மேல் ஒன்றாக உயரும் மதில்களும் இன்றும் கம்பீரம் குறையாமல் நிற்கின்றன. 1751-இல் கர்நாடக யுத்தத்தின்போது, வாலிகண்டபுரத்தை அடுத்த இப்பிரதேசத்தில்தான் ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் தாங்கள் ஆதரித்த நவாபுகளின் பொருட்டுப் பொருதினார்கள். அந்த மதிலின் நிழலில் அமர்ந்து நண்பர் தம் பரிசோதனையைத் தொடங்கினார். முகத்துக்குப் பூசும் பவுடரை என் காதின் விளிம்பில் தடவி, ஹெல்மெட்டை அணிந்து மெதுவாகக் கழற்றச் சொன்னார். உட்துணியில் என் காது பதிந்த இடம் வெள்ளையாகத் தெரிந்தது. அதன் பின்னால் இருந்த ஸ்பீக்கரோ செவித்துளைக்கு நேராக இல்லாமல், ஒரு விரற்கடை கீழே, பின்னால் தள்ளிக் கழுத்து எலும்பைப் பார்த்துக்கொண்டிருந்தது. பொருத்தித் தந்த கடைக்காரர் ஹெல்மெட்டை மேஜைமேல் வைத்துக் கண்ணளவாக ஒட்டியிருந்தார். அதை அணியப்போகும் தலையை அவர் அளக்கவில்லை.

இவ்வளவு சிறிய விலகலால் என்ன குடி முழுகிப்போகும் என்று கேட்கலாம். உயர்ந்த சுரங்கள் ஸ்பீக்கரின் முகத்துக்கு நேராகவே பாய்கின்றன. முகம் திரும்பியிருந்தால் அவை பஞ்சிலும் துணியிலும் அடங்கிவிடும். தாழ்ந்த சுரங்களின் கதி வேறு. ஸ்பீக்கரின் விளிம்புக்கும் காதுக்கும் நடுவே இடைவெளி இருந்தால் அவை அந்த இடைவெளியில் கரைந்துபோகும். வீட்டில் அணியும் பெரிய ஹெட்போனின் மெத்தை காதைச் சுற்றி அடைத்துக்கொள்வதால்தான் அதிலே மிருதங்கத்தின் தொப்பி கனமாகக் கேட்கிறது. அதையே கையால் சற்று விலக்கிப் பிடித்துப் பாருங்கள், வலந்தலை மாத்திரம் மிஞ்சும். ஆதலால் ஸ்பீக்கரின் நடுப்புள்ளி செவித்துளைக்கு நேராக இருக்கவேண்டும். காதைத் தொட்டும் தொடாமலும் நெருங்கியிருக்கவேண்டும். சுற்றிலும் இடைவெளி அடைபடவேண்டும். இந்த மூன்றும் அமைந்தால் சாதாரண ஸ்பீக்கரும் பேசும். அமையாவிட்டால் விலையுயர்ந்த ஸ்பீக்கரும் ஊமையே.

வெல்க்ரோவை உரித்து இடத்தை மாற்றினோம். ஆனால் என் ஹெல்மெட்டில் காதுக்கான குழி ஆழமாக இருந்தபடியால் இடைவெளி நீங்கவில்லை. பெரம்பலூர் நகரத்தில், பழைய பேருந்து நிலையத்துப் பக்கம், மோட்டார் சைக்கிள்களுக்குச் சீட் கவர் தைக்கும் சிறு கடை ஒன்றைக் கண்டுபிடித்தோம். எங்கள் தேவையைச் சொன்னபோது அந்தத் தொழிலாளி ஹெல்மெட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “பைக் சீட்டுக்குத்தான் மெத்தை தெச்சிருக்கேன் சார், காதுக்குத் தெச்சதில்ல. குடுங்க, பண்ணிப் பாப்போம்” என்று சொல்லி, மென்மையான போமில் நடுவே துளையுள்ள வளையங்களை வெட்டி, மேலே சன்னமான துணி போர்த்தி, பின்பக்கம் வெல்க்ரோவும் தைத்துக் கொடுத்தார். உள்ளே இருக்கும் தெர்மோகோலை லேசாகச் சுரண்டிக் குழியைச் சரிசெய்து தரட்டுமா என்றும் அன்போடு கேட்டார். நண்பர் உடனே கையைப் பிடித்துத் தடுத்துவிட்டார். “அதை மட்டும் தொடாதீங்க தம்பி. விழுந்தா மண்டையைக் காப்பாத்துறது அந்தத் தெர்மோகோல்தான்.” விழும்போது நசுங்கி அதிர்ச்சியைத் தான் வாங்கிக்கொள்வதற்காகவே அந்த உறை இருக்கிறது. இந்தியத் தரநிலையான ஐ.எஸ். 4151 சோதிப்பதும் அந்தக் காப்பைத்தான். இசைக்காக அதைக் குடைவது உயிரைக் குடைவதாகும்.

வெள்ளிக்கிழமையாக இருந்தபடியால் சிறுவாச்சூர் மதுரகாளியம்மனைத் தரிசிக்கும் பாக்கியமும் கிட்டியது; பெரும்பாலும் திங்களும் வெள்ளியுமே நடை திறக்கும் சந்நிதி அது. தரிசனம் முடித்து மீண்டும் சாலையில் ஏறியபோது குரலுக்கு ஓரளவு உடல் வந்திருப்பதை உணர்ந்தேன். ஆயினும் உறுமல் ஓயவில்லை. காற்றின் பங்கைக் குறைக்கவேண்டிய கட்டம் வந்துவிட்டது.

காற்றின் இரைச்சல் ஹெல்மெட்டின் உச்சியிலிருந்து வருகிறது என்றே பலர் எண்ணுகிறார்கள். இங்கிலாந்தின் பாத் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள் காற்றுச் சுரங்கத்தில் அளந்து 2011-இல் வெளியிட்ட ஆராய்ச்சி, தாடைப் பட்டையின் கீழே, கழுத்தை ஒட்டிய திறப்பில் உண்டாகும் கொந்தளிப்பு முக்கியமான ஊற்று என்று காட்டியது. மேலே வழுவழுப்பான ஓட்டில் காற்று சறுக்கிப் போய்விடுகிறது, கீழேதான் சுழல்கிறது. இதற்காகவே தாடைக்குக் கீழே பொருத்தும் துணித்திரை சில ஹெல்மெட்டுகளோடு கிடைக்கிறது. எங்களிடம் அது இல்லை. நண்பர் மெல்லிய பருத்தித் துண்டு ஒன்றை எடுத்து என் கழுத்தைச் சுற்றி, முனைகள் பறக்காதபடி சட்டைக்குள் செருகிவிட்டார். கண்ணாடியையும் முழுவதும் இறக்கச் சொன்னார். அடுத்தபடியாக, நான் சற்றும் எதிர்பாராத வண்ணம், இரண்டு போம் காதடைப்பான்களை நீட்டினார்.

பாட்டுக் கேட்க வந்தவன் காதை அடைத்துக்கொள்வதா என்று நான் திகைத்தேன். ஆனால் அதில் ஒரு சாஸ்திரம் இருக்கிறது. நெடுஞ்சாலை வேகத்தில் ஹெல்மெட்டுக்குள் இரைச்சல் 100 டெசிபெலை எட்டுவது சாதாரணம். அந்த அளவில் செவி தன் எல்லையை நெருங்கித் திணறுகிறது. ஒலிகளைப் பிரித்தறியும் நுட்பத்தை இழக்கிறது. காதடைப்பான் இரைச்சலையும் பாட்டையும் சேர்த்தே தணிக்கிறது. ஆனால் தணிந்த நிலையில் செவி தன் முழு விவேகத்தோடு வேலை செய்கிறது. கண் கூசும் வெயிலில் கறுப்புக் கண்ணாடி அணிந்தவுடன் தூரத்துப் பெயர்ப்பலகை தெளிவாவது போன்றதே இது. போமை விரல்களால் மெல்லியதாக உருட்டி, மற்றொரு கையைத் தலைக்குப் பின்னால் கொண்டுவந்து காதுமடலை மேலே இழுத்துச் செருகி, அது உள்ளே விரியும்வரை பிடித்துக்கொண்டிருக்கவேண்டும். அரைகுறையாகச் செருகினால் பயனில்லை. சாதாரணப் போம் உயர்ந்த சுரங்களை அதிகமாகத் தணிப்பதால் பாட்டு சற்று மங்கலாகும். எல்லாச் சுரங்களையும் ஏறக்குறையச் சமமாகத் தணிக்கும், வடிகட்டி வைத்த காதடைப்பான்களும் விற்கின்றன. சங்கீதம் கேட்பவர்களுக்கு அவையே ஏற்றவை.

இது ரசனையை மட்டும் பொறுத்த விஷயமன்று. அமெரிக்கத் தொழிற்சுகாதார ஆய்வு நிறுவனமாகிய நியோஷ் வகுத்த கணக்கின்படி, 85 டெசிபெல் ஒலியில் ஒருவர் நாளொன்றுக்கு 8 மணி நேரம் இருக்கலாம். ஒவ்வொரு 3 டெசிபெல் கூடும்போதும் அந்த நேரம் பாதியாகும். அப்படியானால் 100 டெசிபெலுக்கு அனுமதி 15 நிமிஷமே. திருமாந்துறையிலிருந்து பெரம்பலூர் வருவதற்குள்ளேயே அது தீர்ந்துவிடுகிறது. அதன்மேல் பாட்டையும் உரக்க வைத்தால் உட்செவியின் நுண்ணிய மயிர்க்கலங்கள் என்னாவது? அவை ஒருமுறை அழிந்தால் மறுபடி முளைப்பதில்லை.

நெடுஞ்சாலையை விட்டுக் கிழக்கே கிராமச் சாலைகளில் புகுந்து சாத்தனூரை அடைந்தோம். அங்கே கல்லாய்ப்போன பெருமரம் ஒன்று 18 மீட்டர் நீளத்துக்குப் படுத்துக் கிடக்கிறது. சுமார் 12 கோடி ஆண்டுகளுக்கு முன் இப்பகுதியில் கடல் புகுந்திருந்த காலத்தில் அடித்துவரப்பட்டு, மணலிலும் களிமண்ணிலும் புதைந்து கல்லான அதனை, இந்தியப் புவியியல் ஆய்வுத்துறையின் எம்.எஸ். கிருஷ்ணன் 1940-இல் கண்டு உலகுக்கு அறிவித்தார். அந்த மரத்தின் முன் நின்றவருக்கு மனிதனுடைய அவசரம் எல்லாம் அற்பமாகத் தோன்றும். எங்கள் விஷயத்திலும் அந்த வழி ஒரு பாடம் சொல்லிற்று. குண்டும் குழியுமான அந்தச் சாலையில் நாற்பதுக்கு மேல் போகமுடியவில்லை. ஆனால் நெடுஞ்சாலையில் போராடிக் கேட்ட அதே பதம், ஒலியளவைப் பாதியாகக் குறைத்த பிறகும், ஒவ்வொரு கமகமும் தனித்தனியே துலங்க ஒலித்தது. திடப்பொருளின்மேல் மோதும் கொந்தளிப்பான காற்றின் ஒலிச்சக்தி வேகத்தின் ஆறாம் மடிக்கு ஏற்ப வளரும் என்பது ஒலியியலார் கண்ட விதி. வேகம் இருமடங்கானால் இரைச்சல் சுமார் 18 டெசிபெல் ஏறும் என்று அதற்குப் பொருள். எந்த ஸ்பீக்கராலும் ஈடுகட்ட முடியாத வித்தியாசம் அது. வேகத்தைச் சற்றே குறைப்பதற்குச் சமமான கருவி கடையில் இல்லை.

அந்தப் பழங்கடலின் சிப்பிகளும் படிவுகளுமே அரியலூரின் சுண்ணாம்புக்கல். அந்தக் கல்லே இன்று சிமெண்டாகி ஊர் ஊராகப் போகிறது. 2007 நவம்பரிலிருந்து தனி மாவட்டமாக விளங்கும் அரியலூரை நெருங்க நெருங்க, சுரங்கத்திலிருந்து கல் ஏற்றியும் ஆலையிலிருந்து மூட்டை ஏற்றியும் லாரிகள் வரிசை வரிசையாக வந்தன. இங்கே நண்பர் பாட்டை நிறுத்தும்படி கூறினார், நானும் மறுக்கவில்லை. லாரிகள் முந்தும் ஒடுங்கிய சாலையில் பின்னால் வரும் ஹாரனும், பக்கத்து டயரின் இரைச்சலும், ஓரத்தில் ஆடு ஓட்டிவரும் பெரியவரின் கூப்பாடும் காதில் விழவேண்டும். அவற்றை மறைக்கும் எந்த நாதமும் அபஸ்வரமே. இதற்கு எளிய ஒரு சோதனை உண்டு: வண்டி நிற்கும்போது பக்கத்தில் உள்ளவர் சாதாரணக் குரலில் பேசுவது பாட்டின் ஊடே விளங்காவிட்டால் ஒலியளவு மிகை. சிமெண்ட் தூசும் கவனிக்கவேண்டியது. ஸ்பீக்கரின் பஞ்சுறையில் அது படிந்து ஈரத்தோடு இறுகினால் உயர்ந்த சுரங்கள் மங்கும். உறையைக் கழற்றி உதறி, கழுவக்கூடியதானால் கழுவி உலர்த்திப் போட்டால் சரியாகிவிடும்.

அரியலூர் தமிழ் வாசகர்களுக்குப் புனிதமான ஊர். மகாமகோபாத்தியாய உ.வே. சாமிநாதையர் சிறுவராக இருந்தபோது சடகோபையங்காரிடம் தமிழ்ச் சுவையை அறிந்தது இங்கேதான். அவருடைய தந்தையார் வேங்கடசுப்பையர் சங்கீத வித்துவான். உறவினராகிய கனம் கிருஷ்ணையரிடமே பயின்றவர். அக்குடும்பம் இந்தச் சீமையின் ஊர்களுக்கிடையே கால்நடையாகவும் வண்டியிலும் இடம்பெயர்ந்த வரலாறு சாமிநாதையரின் ‘என் சரித்திர’த்தில் விரிகிறது. அந்த வழிகளில் காற்றும் வேகமும் காதை அடைக்கவில்லை. பாடினால் பாட்டு, பேசினால் பேச்சு.

உடையார்பாளையம் செல்லும் வழியில் லாரிகள் குறைந்தபின் மறுபடியும் பதத்தை வைத்தேன். பாதி வழியில் நண்பர் ஏதோ சொல்ல இன்டர்காமைத் திறந்தார். அந்தக் கணமே பாட்டு டெலிபோனில் கேட்பதுபோல் மெலிந்துவிட்டது. ஸ்பீக்கர் கெட்டுவிட்டதோ என்று அஞ்ச வேண்டியதில்லை. புளூடூத்தில் பாட்டுக்கு ஒரு வழி, பேச்சுக்கு ஒரு வழி. பேச்சுவழி இருபுறமும் பேச வகைசெய்வதற்காக ஒலியின் அகலத்தைச் சுருக்கிக்கொள்கிறது, பழைய முறையில் சுமார் 3400 ஹெர்ட்ஸுக்கு மேலுள்ளவற்றை விட்டேவிடுகிறது. பல கருவிகளில் இன்டர்காம் திறந்திருக்கும் வரை பாட்டும் அந்தக் குறுகிய வழியிலேயே வரவேண்டியிருக்கிறது. பேசும்போது பேசுவதும் கேட்கும்போது கேட்பதுமே இதற்குப் பரிகாரம். சமனி என்னும் ஈக்குவலைசரில் பாஸை ஏற்றுவதும் வீண். காற்று விழுங்கும் பாகத்துக்கே மேலும் மேலும் சக்தியைக் கொட்டினால் அந்தச் சிறு ஸ்பீக்கர் அதிர்ந்து மற்றச் சுரங்களையும் கெடுக்கும். குரல் தெளியும் நடு அதிர்வெண்களை, 1000 முதல் 4000 ஹெர்ட்ஸ் வரை, சிறிதளவு உயர்த்துவதே பயன் தரும்.

உடையார்பாளையத்தில் நின்று கனம் கிருஷ்ணையரை நினைத்துக்கொண்டோம். பொப்பிலி கேசவையரிடமிருந்து கன மார்க்கத்தைக் கற்று, அடிவயிற்றிலிருந்து எழும் கம்பீரமான சாரீரத்தால் ஒலிபெருக்கியில்லாத சபைகளை நிறைத்து, ஜமீன்தார் கச்சி யுவரங்கருடைய ஆதரவில் இவ்வூரில் பதம் பாடிய மகான் அவர். அவருடைய சாரீரத்துக்கு இடம் கொடுத்தது அன்றைய சபையின் அமைதி. எத்தனை பெரிய வித்தையானாலும் கேட்குமிடத்தில் அமைதி இருந்தால்தான் சோபிக்கும் என்பதற்கு அதைவிட வேறு சாட்சி வேண்டியதில்லை.

ஜயங்கொண்டத்தைக் கடந்து கங்கைகொண்ட சோழபுரத்தில் எங்கள் பிரயாணம் முடிந்தது. முதலாம் இராஜேந்திரன் தன் கங்கை வெற்றியின் நினைவாக எழுப்பிய தலைநகரில் இன்று எஞ்சி நிற்கும் அந்தப் பெருங்கோயிலை 2004-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக ஏற்றது. அதன் பிராகாரத்தில் உட்கார்ந்து நண்பரும் நானும் வழியில் கற்றவற்றைத் தொகுத்துக்கொண்டோம்.

மோட்டார் சைக்கிளில் இசை கேட்க விரும்பும் இளைஞர்களுக்கு நான் சொல்லக்கூடியது இதுவே. பெரிய ஸ்பீக்கருக்குப் பணம் கொடுக்குமுன், இருக்கிற ஸ்பீக்கரைச் செவித்துளைக்கு நேராக வையுங்கள். இடைவெளியைப் போம் வளையத்தால் அடையுங்கள். கழுத்தின் கீழே காற்று புகாமல் காத்துக்கொள்ளுங்கள். நல்ல காதடைப்பான் அணியுங்கள். பத்துப் பதினைந்து கிலோமீட்டர் வேகத்தை விட்டுக்கொடுங்கள். லாரிகள் நடுவே பாட்டை நிறுத்திவிடுங்கள். ஹெல்மெட்டில் இவற்றைப் பொருத்தித் தரும் கடைக்காரர்களுக்கும் ஒரு வேண்டுகோள்: வாங்கியவரை உட்காரவைத்து, அவர் தலையில் அணிவித்துப் பார்த்து, அவர் காதை அளந்து ஒட்டிக்கொடுங்கள். கால்மணி நேர வேலைதான் அது. அவர் கேட்கப்போகும் இசையின் பாதி அந்தக் கால்மணியில் இருக்கிறது.